மருந்துத் தாளின் ஆங்கிலமும் நம் தமிழும்

கேமரன் மலையின் போ தேயிலைத் தோட்டம் 1929இல் தொடங்கப்பெற்றது. அம்மலைத் தோட்டங்களின் தமிழ்க் குடும்பங்கள் அன்றுமுதல் வீட்டில் ஒரு மொழி, அலுவலகத்தில் வேறொரு மொழி என்றே வாழ்ந்து வந்துள்ளன. இன்று அவ்வீடுகளின் மருந்துப் பையில் மலாய்ச் சீட்டு ஒட்டியிருக்கும். பெட்டியினுள் மடித்த தாள் ஆங்கிலத்தில் இருக்கும். அதனைப் படித்துப் பாட்டிக்குத் தமிழில் சொல்பவர் பல வேளைகளில் பள்ளிப் பிள்ளையே. ஆதலின் இது மொழியாசிரியருக்கும் உரிய பொருளாகிறது.

ஆங்கிலத்தில் ‘டோஸ்’ என்பது ஒருவேளைக்குரிய அளவு. ‘டோசேஜ்’ என்பது அவ்வளவோடு எத்தனை முறை, எத்தனை நாள் என்பவற்றையும் சேர்த்த ஒழுங்கு. ‘ஸ்ட்ரெங்த்’ என்பது மருந்தின் செறிவு. நாமோ மூன்றையும் ‘அளவு’ என்ற ஒரே சொல்லால் கூறிவிடுகிறோம். குழந்தைகளுக்கான பாராசிட்டமால் பாகில் 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம் கொண்ட புட்டியும் உண்டு; 250 மில்லிகிராம் கொண்ட புட்டியும் உண்டு. “போன தடவை கொடுத்த அளவே கொடுங்க பாட்டி” என்று பேரன் சொன்னால், கரண்டி மாறாது. உள்ளே செல்லும் மருந்து இருமடங்கைத் தாண்டிவிடலாம். வேளையளவு, உட்கொள்முறை, செறிவு என மூன்று சொற்களை வகுப்பறையிலேயே பழக்கிவிடுதல் நன்று. (‘மாத்திரை’ என்னும் சொல்லே அளவைக் குறிப்பதுதான். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று இலக்கண வகுப்பில் எண்ணுவதும் அதனையே.)

அளவை மாற்றும்போது ஆங்கிலம் மிகச் சிறிய இடைச்சொல்லை நம்பியிருக்கிறது. 10 மில்லிகிராம் உண்பவருக்கு ‘இன்கிரீஸ் பை 20’ என்றால் இனி 30. ‘இன்கிரீஸ் டு 20’ என்றால் இனி 20. தமிழில் இவ்வேறுபாடு ‘20 மில்லிகிராம் கூட்டுக’, ‘20 மில்லிகிராமாகக் கூட்டுக’ என ‘ஆக’ என்னும் ஓர் உருபில் நிற்கிறது. காதில் அது எளிதில் நழுவும். ‘இதுவரை 10, இனி 20’ என்று சொல்லிவிட்டால் உருபின் உதவியே வேண்டியதில்லை.

‘டூ டேப்லெட்ஸ் ட்வைஸ் டெய்லி’ என்னும் தொடர் இரண்டு எண்களை அருகருகே வைத்துவிட்டுப் பெருக்கலைப் படிப்பவரிடம் விட்டுவிடுகிறது. அமெரிக்காவில் 2006இல் வெளியான ஆய்வொன்றில், எழுத்தறிவு குறைந்த நோயாளிகளுள் நூற்றுக்கு 71 பேர் இத்தொடரின் பொருளைச் சரியாகச் சொன்னார்கள். ஒரு நாளைக்குரிய மாத்திரைகளை எண்ணிக் காட்டியபோது சரியாகக் காட்டியவர் 35 பேரே. சொல்ல அறிந்தவர் எல்லாரும் செய்ய அறிந்தவர் அல்லர். தமிழுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. பங்கிட்டுக் கூறும் எண்ணுப்பெயர் நம்மிடம் இருக்கிறது: இவ்விரண்டு, மும்மூன்று, நந்நான்கு. ஆயினும் ‘இவ்விரண்டு’ என்பதற்கு ‘இந்த இரண்டு’ என்றும் பொருள் கொள்ள இடமிருப்பதால், மருந்துக்கு அதனை நான் பரிந்துரைக்கமாட்டேன். தோட்டத்துப் பேச்சில் வழங்கும் ‘ரெண்டு ரெண்டா’ தெளிவானது. ‘காலையில் இரண்டு, இரவில் இரண்டு’ என்பது அதனினும் தெளிவானது.

பின்னங்களிலும் எழுத்தைவிடச் சொல்லே காப்பு. சுழியமின்றி ‘.5’ என்று எழுதினால் புள்ளி மங்கி 5 ஆகிவிடும், ‘5.0’ என்று எழுதினால் 50 ஆகிவிடும். ‘அரை’ என்ற சொல்லில் மங்குதற்குப் புள்ளி இல்லை.

இறுதியாக, 500 மில்லிகிராம் பாராசிட்டமால் தாள்களில் பெரியவர்களுக்கென வரும் வழக்கமான தொடர்: நான்கு முதல் ஆறு மணி நேரத்திற்கு ஒருமுறை ஒன்று அல்லது இரண்டு, 24 மணி நேரத்தில் எட்டுக்கு மேல் கூடாது. முதற்பகுதியை மட்டும் படித்து, நான்கு மணிக்கொருமுறை இரண்டு என்று கொண்டால் கணக்கு 12 ஆகிறது. எட்டு என்னும் எல்லை தொடரின் கடைசியில்தான் வருகிறது. அதற்குள் பிள்ளை தாளை மடித்துவிடக்கூடும். தமிழில் சொல்லும்போது வரிசையை மாற்றி, “ஒரு பகலும் ஒரு இரவும் சேர்த்து எட்டுக்கு மேல வேண்டாம் பாட்டி” என்று தொடங்கிப் பிறகு மற்றவற்றைச் சொல்லலாம்.