பாட்டி சொன்னால் ரோபோ கேட்குமா?

“ஏம்மா... அதை எடுத்து இந்தப் பக்கமா வைம்மா!”

பாலக்கோட்டில் தக்காளிக் கூடையைப் பார்த்து ஒரு பாட்டி இப்படிச் சொன்னால் பேத்திக்குச் சட்டென்று புரிந்துவிடும். எது ‘அது’ என்பதைப் பாட்டியின் பார்வையே சொல்லிவிடுமே! ரோபோவுக்கு? ஐம்பது வருஷத்துக்கு மேலாக விஞ்ஞானிகள் முட்டி மோதுவது இங்கேதான்.

1970 வாக்கிலேயே அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் டெர்ரி வினோகிராட் என்பவர் சொன்னபடி கேட்கும் புரோகிராம் ஒன்றை உருவாக்கினார். டைப் அடித்துச் சொன்னால் கட்டைகளை எடுத்து அடுக்கும். எல்லாம் கம்ப்யூட்டர் திரைக்குள்தான். நிஜ சமையலறை வேறு சமாச்சாரம் ஆயிற்றே!

2022-ல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் ‘சேகேன்’ என்ற முறையைச் சோதித்தார்கள். “குடிக்க வச்சிருந்ததைக் கொட்டிட்டேன், கொஞ்சம் உதவ முடியுமா?” என்பது ஒரு கட்டளை. இதில் என்ன வேலை செய்யவேண்டும் என்று சொல்லவே இல்லை, கவனித்தீர்களா? மொழி மட்டும் தெரிந்த ஒரு கம்ப்யூட்டர், ‘வாக்குவம் கிளீனர் உபயோகித்துப் பாருங்களேன்’ என்று யோசனை சொன்னது. (சில வீட்டுக்காரர்கள் ஞாபகத்துக்கு வருகிறார்களா?)

அதனால் ரோபோவை இரண்டு மார்க் போட வைத்தார்கள். இந்த வேலை பலன் தருமா என்பதற்கு ஒன்று. இப்போது, இங்கே, என்னால் முடியுமா என்பதற்கு இன்னொன்று. இரண்டையும் பெருக்கி, அதிக மார்க் வாங்கிய வேலையைச் செய்யும். ஸ்பாஞ்சைத் தேடி எடுத்து வந்து கொடுத்தது! சரியாகத் திட்டமிட்டது 84 சதவீதம். செய்து முடித்தது 74. ஏறக்குறைய நாலில் ஒன்று கோட்டை. தண்ணீர் பாட்டில் என்றால் பரவாயில்லை. பி.பி. மாத்திரை என்றால்?

பக்கவாதத்தால் நாக்கு குழறுகிறவர்களுக்குத்தான் இப்படி ஓர் உதவியாள் அதிகம் தேவை. ஆனால் அவர்கள் பேச்சுதான் மெஷினுக்கு முதலில் புரியாமல் போகிறது. தெளிவான பேச்சையே கேட்டுப் பழகிய வினை!

தமிழுக்கு நல்ல சேதி: சென்னை ஐ.ஐ.டி.யின் ‘ஏ.ஐ.4 பாரத்’ குழு 2024-ல் வெளியிட்ட பேச்சுத் தொகுப்பில் 22 மொழிகள், 16,237 பேரின் குரல்கள். எழுதியதைப் படித்தது 9 சதவீதம்தான். மற்றதெல்லாம் இயல்பாகப் பேசியது. தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் தர்மபுரிப் பக்கத்து வீடுகளுக்குப் புத்தகத் தமிழ் மட்டும் போதாதே!

இப்போதைக்கு, பெரியவர்களின் செல்போனில் தமிழ்க் குரல் கட்டளையைப் போட்டு, “பையனுக்கு போன் போடு” என்று சொல்லப் பழக்குங்கள். மின்விசிறி ஓடும்போதும் கேட்கிறதா என்று சோதியுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களே எடுத்துக் கொடுங்கள்.

நேற்றுவரை சொன்னதைக் கேட்ட போன், இன்று திடீரென்று கேட்கவில்லையா? போனைத் திட்டுவதற்கு முன் பெரியவரைப் பாருங்கள். பேச்சு குழறுகிறதா? வாய் கோணுகிறதா? ஒரு கை துவள்கிறதா? உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.