உண்போர்க்கும் ஓர் உரைகல் உண்டு

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் திருமடைப்பள்ளியில், மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் வார்த்து, மணிக்கணக்கில் ஆவியில் வேகவைத்து, நைவேத்தியமாகச் சமர்ப்பிக்கப்படும் குடலை இட்லி, பிரசாதமாக ஜனங்களின் கையில் வந்து சேர்வதோடு நின்றுவிடாமல், பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீடுகளில் டம்ளர் இட்லியாகவும் உருக்கொண்டு, தறியைவிட்டு எழுந்து வரும் தகப்பனாரும், பள்ளிக்குப் புறப்படும் பிள்ளைகளும், திண்ணையில் அமர்ந்த பாட்டியும் கூடி உண்ணத்தக்க போஜனமாக விளங்கி வருகிறது. பச்சரிசி, புழுங்கலரிசி, உளுந்து மூன்றையும் சம அளவில் ஊறவைத்து, ரவைபோல் கரகரப்பாக அரைத்து, இரவெல்லாம் புளிக்கவிட்டு, ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகையும் சீரகத்தையும் நெய்யிலோ நல்லெண்ணெயிலோ பொரித்துக் கொட்டி, சுக்கும் பெருங்காயமும் சேர்த்து வேகவைப்பதே அதன் வீட்டுப் பக்குவம்.

சாமான்கள் சிலவே, ஆயினும் அவற்றின் காரமும் வாசனையும் மிகுந்திருப்பதால், ஒன்றில் கலப்படம் நேர்ந்தால் மற்றொன்றின் மணம் அதை மூடிவிடுகிறது. ஆகவே இந்தப் பதார்த்தத்தைப் பொறுத்தவரை பரீட்சை வாய்க்கு வருமுன்பே நடந்தாக வேண்டும்.

அபாயங்கள்

முதலாவது மிளகு. ஒரு கண்ணாடித் தம்ளர் நீரில் சிறிது மிளகைப் போட்டுச் சற்றுப் பொறுத்தால், முற்றிய மிளகு அடியில் தங்க, பப்பாளி விதை மேலே மிதக்கும். ஆனால் விளையாத பொக்கு மிளகும் மிதக்கக்கூடுமாதலால், மிதந்தவற்றை உள்ளங்கையில் எடுத்து உற்று நோக்குவது அவசியம். உருண்டு சுருங்கி, நசுக்கியதும் நெடி ஏறுவது மிளகு; சற்றே நீண்டு, பழுப்பும் பச்சையும் கலந்த நிறத்தோடு, மிளகுக்குரிய மணமின்றி இருப்பது பப்பாளி விதை. சீரகத்தை உள்ளங்கையில் தேய்க்கும்போது கரி ஒட்டினால், சாயமேற்றிய புல்விதை கலந்திருப்பதாகச் சந்தேகிக்கலாம். நெய்யில் மாவுப்பொருள் கலந்திருந்தால் டிங்சர் அயோடின் ஓரிரு சொட்டு விட்டதும் நீலம் பாரிக்கும். வனஸ்பதி முதலான அயல் கொழுப்பையோ ஆய்வுக்கூடமே நிச்சயமாகக் கூற இயலும். பெருங்காயத்தில் மாவு இருப்பதெல்லாம் மோசடியென்று கருதிவிடலாகாது. கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவும் பிசினும் சேர்வதைச் சட்டம் அனுமதிக்கிறது, ஆனால் அதை உறையில் அச்சிட்டாக வேண்டும். கோதுமை ஒவ்வாதவர்கள் அவ்வெழுத்தைப் படிக்காமல் வாங்கக்கூடாது.

இரண்டாவது, வேகவைக்கும் முறை. இலைக்கும் துணிக்கும் பதிலாகப் பிளாஸ்டிக் தாளை விரித்து இட்லி வார்க்கும் வழக்கம் உணவகங்களிற் பரவி, சூட்டினால் அதன் ரசாயனங்கள் உணவில் இறங்குகின்றன என்ற காரணத்தால், 2025 பிப்ரவரியில் கர்நாடக அரசு அதைத் தடுக்க நடவடிக்கை எடுத்தது. கடையில் வாங்கும் குடலை இட்லியின் மேற்புறத்தில் இலை நரம்பின் தடம் தெரியாமல் வழவழப்பாக இருந்தால், எதில் வேகவைத்தீர்கள் என்று கேட்பதில் தவறில்லை.

மூன்றாவது, மீந்ததை வைத்திருப்பது. மிளகும் எண்ணெயும் சேர்ந்த இட்லி பல நாள் கெடாது என்ற பழைய நம்பிக்கையைச் சித்திரை வெயிலில் பரீட்சித்துப் பார்ப்பது புத்திசாலித்தனம் அன்று. 5 பாகை செல்சியசுக்கு மேலும் 60 பாகைக்குக் கீழும் கிருமிகள் வேகமாகப் பெருகும். அரிசிப் பதார்த்தங்களில் காணப்படும் பேசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமியின் வித்துகள் வேகவைப்பதையும் தாங்கிப் பிழைக்கக்கூடியவை. வாந்தியை உண்டாக்கும் அதன் நஞ்சோ மீண்டும் சூடுபடுத்துவதாலும் அழிவதில்லை. கனமான இட்லியாதலால், நடுவில் ஈர்க்கைக் குத்தி மாவு ஒட்டாமல் வருகிறதா என்று பார்த்தே இறக்க வேண்டும். மீந்ததைக் காலதாமதமின்றிக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும்.

உரிமைகள்

பட்டுப்புடவை வாங்கும்போது சரிகையை உரசிப் பார்க்கத் தயங்காத இந்த ஊர், தின்பண்டத்தை வாங்கும்போது மாத்திரம் விலை கொடுத்துவிட்டு மௌனமாக நகர்வானேன்? 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் நமக்கும் ஓர் உரைகல்லைத் தந்திருக்கிறது. அதன் 40ஆவது பிரிவின்படி, சாதாரண மனிதர் எவரும், பகுப்பாய்வுக்கு அனுப்பப்போவதாக வாங்கும்போதே விற்பவரிடம் தெரிவித்துவிட்டு, உரிய கட்டணம் செலுத்தி, தாம் வாங்கிய பொருளை உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கச் செய்யலாம். பொருள் சட்டத்துக்கு மாறானதென்று அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

கடைகளில் விற்கும் மாவுப் பாக்கெட்டில் சேர்மானம், நிகர எடை, தயாரித்த தேதி, உபயோகிக்கத்தக்க கடைசித் தேதி, 14 இலக்க உரிம எண் ஆகியவை இருக்க வேண்டும். தேதியில்லாப் பாக்கெட்டை மறுப்பது நம் உரிமை. லாப நோக்கமற்ற நிறுவனங்களையும் இச்சட்டம் உணவுத் தொழிலாகவே கருதுவதால், கோயில் பிரசாதமும் அன்னதானமும் இதன் வரம்புக்குள் வருகின்றன. பக்தியின் பெயரால் சுத்தத்துக்கு விலக்கு இல்லை.

பரிகாரங்கள்

உண்டவர்க்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் காணின், முதற்காரியம் வைத்தியரிடம் செல்வது. மருத்துவச் சீட்டே பிற்பாடு முதற்சாட்சியாகவும் ஆகும். மீந்த உணவைக் கொட்டிவிடாமல் மூடிக் குளிர்பெட்டியில் வைத்து, உறையையும் ரசீதையும் பத்திரப்படுத்தி, தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குப் படத்தோடு தெரிவிக்கலாம். மாவட்ட நியமன அலுவலரிடம் எழுத்து மூலமாகவும் மனுச் செய்யலாம். கெடுதலான கலப்படப் பொருளை வைத்திருந்தவர்க்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும், பாதுகாப்பற்ற உணவால் மரணம் நேர்ந்தால் குறைந்தது 7 ஆண்டுச் சிறைவாசமும் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. மரணத்துக்கு 5 லட்சத்துக்குக் குறையாமலும், கொடுங்காயத்துக்கு 3 லட்சம் வரையிலும், பிற தீங்குகளுக்கு ஒரு லட்சம் வரையிலும் நஷ்டஈடு பெற 65ஆவது பிரிவு வழிசெய்கிறது.

இவையன்றி, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விலைகொடுத்து வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டாண்டுக்குள் வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்கு மேற்படாவிடில் கட்டணமே இல்லை. ஆலோசனைக்கு 1915 என்ற தொலைபேசி எண் உண்டு. இலவசமாகப் பெற்ற பிரசாதத்துக்கு இந்த வழி பொருந்தாது. அதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையே புகலிடம்.

புகார் செய்வது அயலாரின் பிழைப்பைக் கெடுப்பதாகுமே என்று மனம் கூசுவோர் ஒன்றை யோசிக்க வேண்டும். நல்ல மிளகும் நல்ல நெய்யும் வாங்கி, நேரமெடுத்து வேகவைத்து, அதற்குத்தக விலை வைக்கும் சமையற்காரர், பப்பாளி விதையும் பிளாஸ்டிக் தாளும் கொண்டு மலிவாக விற்பவரோடு போட்டியிட்டுத் தோற்றுக்கொண்டிருக்கிறார். நாம் கேட்கும் கேள்வியும் எழுதும் மனுவும் முதலில் காப்பாற்றுவது அவருடைய அடுப்பைத்தான்.