வெயில் கொளுத்தும் ஊரில் வெயிலுக்குப் பஞ்சம்!

தீராத அலுப்பு, உடம்பு வலி: ஒரு காரணம் இதுவாகவும் இருக்கலாம்

கூண்டில் கோழி வளர்ப்பவர்களைப் பயமுறுத்தும் வியாதி ஒன்று உண்டு. நேற்று வரை தவறாமல் முட்டையிட்ட கோழி, இன்று ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். கண் தெளிவாக இருக்கும். தீனியைக் கண்டால் கொத்த வரும். ஆனால் எழுந்து நிற்க முடியாது. தூக்கினால் அதன் கால் எலும்பு முருங்கைக் கிளை போல முறியும்!

இந்த வியாதிக்குக் "கூண்டுக் கோழிச் சோர்வு" என்று பெயர். மேல்நாட்டில் கோழிகளைக் கூண்டில் அடைத்து வளர்க்கத் தொடங்கிய பிறகு, 1950களில்தான் இது தெரிய வந்தது.

ஒரு முட்டைக்கு ஓடு போட, சுமார் 2 கிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். தீனியில் அந்தச் சத்து குறைந்தாலும், அதை உடம்பில் சேர்க்கும் வைட்டமின் 'டி' குறைந்தாலும், கோழி என்ன செய்கிறது? தன் எலும்பையே கரைத்து முட்டைக்கு ஓடு போடுகிறது. கடைசியில் விழுந்துவிடுகிறது.

வாசலில் மேயும் நாட்டுக் கோழிக்கு இந்தத் தொல்லை வருவதில்லை. வெயில் அதற்கு வைட்டமின் 'டி' கொடுத்துவிடுகிறது. கொட்டகைக் கோழிக்கு வெயில் ஏது? அதனால்தான் நாமக்கல் பண்ணைகளில் தீனியோடு வைட்டமின் 'டி3' கலக்கிறார்கள். கிளிஞ்சல் தூளும், சுண்ணாம்புக் கல் தூளும் சேர்க்கிறார்கள். பண்ணைக்காரர் இதில் அசட்டையாக இருக்க முடியாது. இருந்தால் ஓடு மெலிந்து, முட்டை லாரியில் ஏறுவதற்கு முன்பே உடையும்.

கோழிக்கு இவ்வளவு கணக்குப் பார்க்கிறோம். கொட்டகைக்குள்ளேயே காலம் தள்ளும் மனிதனுக்கு யார் கணக்குப் பார்ப்பது?

கையை ஊன்றி எழுகிறீர்களா?

மனிதனுக்கு வைட்டமின் 'டி' மிகவும் குறைந்தால் எலும்பு மெதுவாகிவிடும். தசையும் வலு இழக்கும். இது ஒரே நாளில் வருவதல்ல. மாதக் கணக்கில், வருஷக் கணக்கில் மெல்ல வரும்.

முதலில் அலுப்பு. தூங்கி எழுந்தாலும் அலுப்பு. பிறகு இடுப்பு, முதுகு, தொடை வலிக்கும். "இங்கேதான் வலிக்கிறது" என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. முழங்காலுக்குக் கீழே முன் எலும்பை அழுத்தினால் வலிக்கும். தரையில் உட்கார்ந்தவர் கையை ஊன்றாமல் எழ முடியாது. பஸ் படியில் ஏறக் கம்பியைப் பிடித்து இழுத்துக்கொள்ள வேண்டும். முற்றிவிட்டால் நடையே மாறி, வாத்து போல அசைந்து நடப்பார்கள்.

இதை வீட்டில் எப்படிப் பார்க்கிறார்கள்? மாமியார் என்றால் "வயசாகிவிட்டது". மருமகள் என்றால் "வேலைக்குக் கள்ளம்"! பிள்ளை பெற்ற பிறகு இடுப்பு வலியோடு திண்டாடும் எத்தனையோ பெண்கள் இந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறார்கள். சிலர் வாயு என்று கஷாயம் குடிக்கிறார்கள். சிலர் மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி, மாதக் கணக்கில் விழுங்குகிறார்கள். அந்த மாத்திரை வலியை மறைக்கும். எலும்புக்கு ஒன்றும் செய்யாது. அளவு மீறினால் குடலில் புண் உண்டாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

தோலில் நடக்கும் வேலை

வைட்டமின் 'டி' மற்ற வைட்டமின்களைப் போல அல்ல. உணவில் கிடைப்பது கொஞ்சம்தான். மீதியை உடம்பே தயாரிக்கிறது. வெயிலில் கண்ணுக்குத் தெரியாத ஊதாக் கதிர் ஒன்று இருக்கிறது. அது தோலில் பட்டதும், தோலில் உள்ள ஒரு கொழுப்புப் பொருள் வைட்டமின் 'டி'யாக மாறுகிறது. அதைக் கல்லீரல் ஒரு தடவை பக்குவம் செய்கிறது. சிறுநீரகம் மறு தடவை பக்குவம் செய்கிறது. அதன் பிறகே அது வேலைக்கு ஆகும்.

அதன் முக்கிய வேலை, நாம் தின்னும் சுண்ணாம்புச் சத்தைக் குடலிலிருந்து ரத்தத்தில் சேர்ப்பது. வைட்டமின் 'டி' இல்லாவிட்டால், தின்ற சுண்ணாம்புச் சத்தில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சிப் போனால் ஏழில் ஒரு பங்குதான் உடம்பில் ஒட்டும். மீதி வீண்!

காலையில் சூரியன் உதிக்கும்போது நின்றால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த இளவெயில் கண்ணுக்கு இதம். ஆனால் அதில் இந்தக் கதிர் மிகக் குறைவு. திருப்பதியில் ஆராய்ந்த டாக்டர்கள், பகல் 11 மணியிலிருந்து 2 மணி வரை உள்ள வெயிலில்தான் வைட்டமின் 'டி' நன்றாக உண்டாகிறது என்று கண்டார்கள்.

இதற்குக் கடிகாரம்கூடத் தேவையில்லை. உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்களைவிட நீளமாக இருந்தால் அந்த வெயிலில் பலன் சொற்பம். குட்டையாக இருந்தால் பலன் உண்டு. சேலம், நாமக்கல் பக்கத்தில் சித்திரை மாதம் காலை ஒன்பதரை மணிக்கே நிழல் குட்டையாகிவிடும். தை மாதம் பத்தரை மணி ஆகும். அதற்காகக் கத்திரி வெயிலில் உச்சிப் பொழுதில் போய் நிற்பது புத்திசாலித்தனம் அல்ல. மயக்கம்தான் வரும். நிழல் குட்டையான உடனே, முகமும் கைகாலும் திறந்திருக்க, இருபது முப்பது நிமிஷம், வாரத்தில் சில நாள் வெயிலில் இருப்பது நல்லது. கறுத்த தோலுக்குச் சிவந்த தோலைவிடக் கூடுதல் நேரம் வேண்டும்.

வெயில் எங்கே போயிற்று?

சேலத்திலா வெயிலுக்குப் பஞ்சம் என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் பாருங்கள்.

பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறி ஓட்டும் தொழிலாளி, பகல் முழுதும் தறிச் சத்தத்துக்குள் நிற்கிறார். இரவு ஷிப்ட் என்றால் பகலில் தூங்குகிறார். சேலத்தில் வெள்ளிக் கொலுசு செய்கிறவர் குழல் விளக்கின் கீழ் குனிந்தே உட்கார்ந்திருக்கிறார். லாரி டிரைவர் நாமக்கல்லிலிருந்து கல்கத்தா வரை வெயிலிலேயே போகிறார். ஆனால் கண்ணாடிக்குப் பின்னால்! முன் கண்ணாடி வெப்பத்தை உள்ளே விடும். அந்த ஊதாக் கதிரை விடாது. வெயில் அவரை வேக வைக்கிறதே தவிர, வைட்டமின் கொடுப்பதில்லை.

ஜவ்வரிசி காயவைக்கும் களத்தில் வேலை செய்யும் பெண்கள்? வெயில் தாங்காமல் சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. அதையும் குறை சொல்ல முடியாது.

திருப்பதி ஆராய்ச்சியில் இன்னொரு விஷயமும் வெளிப்பட்டது. வயலில் வேலை செய்யும் கிராமத்தாருக்கு, பட்டணத்தாரைவிட வைட்டமின் 'டி' அதிகம் இருந்தது. ஆனால் அவர்களிலும் பலருக்குப் போதிய அளவு இல்லை! ஒரு காரணம் சாப்பாடு. அவர்கள் உணவில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. அது குறைந்தால், உடம்பு இருக்கிற வைட்டமின் 'டி'யைச் சீக்கிரம் செலவழித்துவிடும்.

வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் 50 வயது கடந்த 150 பெண்களைச் சோதித்து, 2008-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு மேல் வைட்டமின் 'டி' போதவில்லை. அவர்கள் படுக்கையில் கிடந்த நோயாளிகள் அல்ல. நடமாடிக்கொண்டிருந்த பெண்கள்.

ஒரு கைக்கு வெளிச்சம், இரண்டு கைக்கும் குணம்!

100 வருஷத்துக்கு முன்பு இது பெரிய மர்மமாக இருந்தது. இங்கிலாந்தில் புகை மூடிய ஆலை நகரங்களில் குழந்தைகளின் கால் வில் போல வளைந்தது. மெல்லன்பி என்ற டாக்டர் நாய்க்குட்டிகளைக் கட்டடத்துக்குள்ளேயே வைத்துக் கஞ்சி கொடுத்து வளர்த்தார். அவற்றின் கால்களும் வளைந்தன. மீன் எண்ணெய் கொடுத்ததும் சரியாயின. உணவில்தான் சூட்சுமம் என்றார்.

அதே 1919-ம் ஆண்டில் பெர்லின் நகரத்து டாக்டர் ஹுல்ட்ஷின்ஸ்கி, அப்படிப்பட்ட குழந்தைகளை ஊதாக் கதிர் விளக்கின் அடியில் படுக்க வைத்துக் குணமாக்கினார். ஒரு கையில் மட்டும் வெளிச்சம் படும்படி செய்தார். இரண்டு கை எலும்புகளும் குணமாயின! வெளிச்சத்தால் உண்டான மருந்து ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் ஓடுகிறது என்று அப்போது தெரிந்தது. உணவு என்றவரும் சரி, வெளிச்சம் என்றவரும் சரி. இரண்டும் ஒரே மருந்து.

நம் நாட்டிலேயே, காஷ்மீரத்தில் வேலை பார்த்த காத்லீன் வாகன் என்ற பெண் டாக்டர் 1920களில் ஒன்றைக் கவனித்தார். திரைக்குள் அடைந்து வாழ்ந்த பெண்களுக்கு இடுப்பெலும்பு சுருங்கி, பிரசவமே உயிர்ப் போராட்டமாயிற்று. படகு ஓட்டும் ஏழைப் பெண்களோ சுலபமாகப் பிள்ளை பெற்றார்கள்.

பதினைந்து முட்டை!

வளர்ந்தவருக்குத் தினம் 600 யூனிட் வைட்டமின் 'டி' வேண்டும் என்பது 2020-ம் ஆண்டின் இந்தியக் கணக்கு. ஒரு முட்டையின் மஞ்சள் கருவில் சுமார் 40 யூனிட் இருக்கிறது. ஆகவே முட்டையை மட்டும் நம்பினால் தினம் 15 முட்டை தின்ன வேண்டும். நாமக்கல்லிலேயே குடியிருந்தாலும் அது ஆகாத காரியம்! கொழுப்புள்ள மீனில் கூடுதலாக இருக்கிறது. சில பால், எண்ணெய்ப் பாக்கெட்டுகளில் வைட்டமின் 'டி' சேர்த்து விற்கிறார்கள். பாக்கெட்டில் அது அச்சிட்டிருக்கும்.

சுண்ணாம்புச் சத்துக்கு நம் ஊர்க் கேழ்வரகு இருக்கவே இருக்கிறது. 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம். ஒரு டம்ளர் பாலில் 240 மில்லிகிராம். தினத் தேவை 1,000. கேழ்வரகை முளைகட்டி அரைத்தால் சத்து இன்னும் நன்றாகச் சேரும். கறந்த பாலை எல்லாம் சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு, வீட்டுப் பிள்ளைக்குக் கடுங்காப்பி கொடுக்கும் வழக்கத்தை என்னவென்று சொல்வது?

எல்லா வலியும் இது அல்ல

அலுப்புக்குக் காரணம் பல. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. தைராய்டு, சர்க்கரை வியாதியும் அலுப்பைத் தரும். பக்கத்துத் தருமபுரி, கிருஷ்ணகிரிச் சீமையில் கிணற்றுத் தண்ணீரில் புளூரைடு உப்பு அதிகம். அது எலும்பில் ஏறி இடுப்பையும் கழுத்தையும் விறைக்க வைக்கும். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. ஆகவே வலி என்றதும் வைட்டமின் 'டி' என்று தீர்மானிக்கக் கூடாது.

ரத்தப் பரிசோதனையில் 20-க்குக் கீழே வந்தால் குறைவு என்று கொள்கிறார்கள். ஆனால் எல்லோரும் இந்தப் பரிசோதனைக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. வியாதி இல்லாதவருக்கு இது வழக்கமாகத் தேவையில்லை என்று 2024-ல் அமெரிக்காவின் சுரப்பி நோய் மருத்துவர் சங்கமே சொல்லியிருக்கிறது. முன்னே சொன்ன அறிகுறி இருப்பவர், வெயிலே காணாதவர், நீண்ட நாள் வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர் டாக்டரைக் கேட்கலாம்.

குறைவு என்று தெரிந்தால் டாக்டர் பெரும்பாலும் 60,000 யூனிட் மாத்திரை அல்லது பொடி எழுதுவார். வாரத்துக்கு ஒன்று, எட்டு வாரம் என்பது வழக்கமான கணக்கு. பலன் தெரிய வாரங்கள் ஆகும். இங்கேதான் ஆபத்து இருக்கிறது. "வாரம் ஒன்று" என்பதைத் "தினம் ஒன்று" என்று நினைத்து மாதக் கணக்கில் தின்றவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறார்கள். அப்போது ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறிவிடும். வாந்தி, தாகம், மலச்சிக்கல், குழப்பம் வரும். சிறுநீரகம் பழுதாகும். சீட்டில் எழுதியிருப்பது புரியாவிட்டால் மருந்துக் கடைக்காரரிடமே கேட்டு, எந்தக் கிழமை சாப்பிட வேண்டும் என்று மாத்திரை அட்டையின் மேல் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.