தானாக எரியும் கார் விளக்கு: கவனம் தேவை

இருட்டியதும் தானாகவே எரியும் முகப்பு விளக்கு இன்று பல கார்களில் இருக்கிறது. ஆனால் அதை முழுதாக நம்பிவிடக் கூடாது.

முன்கண்ணாடிக்கு அருகே உள்ள சென்சார் வெளிச்சத்தின் அளவைத்தான் அறியும். ஊட்டி, கொடைக்கானல் மலைப்பாதையில் பகலில் மூடுபனி இறங்கும்போது, வெளிச்சம் இருப்பதாக எண்ணி அது விளக்கைப் போடாமல் இருக்கலாம். முன்னால் பகல்நேர விளக்கு எரியும். ஆனால் பல கார்களில் பின்விளக்கு எரியாது. பின்னால் வரும் லாரி ஓட்டுநருக்கு நம் வண்டி தெரியாமல் போகும்.

இரவில் ஹைபீமைத் தானாகத் தாழ்த்தும் வசதியிலும் சிக்கல் உண்டு. அதன் கேமரா மற்ற வண்டிகளின் விளக்கைத் தேடுகிறது. வளைவிலோ மேட்டிலோ திடீரென ஒரு வண்டி எதிர்ப்பட்டால், ஒளி தாழ்வதற்குள் அந்த ஓட்டுநருக்குக் கண் கூசிவிடும். விளக்கில்லாத சைக்கிளையும், சாலையோரம் நடந்து வருபவரையும் கேமரா தவறவிடலாம். முன்கண்ணாடியில் சேறு படிந்திருந்தாலும் அதற்குப் பார்வை மங்கும்.

ஆகவே, மழையிலும் பனியிலும் லோபீமை நீங்களே போடுங்கள். எதிரே வண்டியோ ஆளோ வந்தால், கார் மாற்றும் என்று காத்திராமல் ஹைபீமைத் தாழ்த்துங்கள். இரவில் புறப்படும் முன் முன்கண்ணாடியையும் விளக்குகளையும் துடைத்துவிடுங்கள்.