மனவடுவும் ஆரம்ப சுகாதாரமும்: உக்கடத்தை முன்வைத்துச் சில கருத்துகள்

கோயம்புத்தூர் நகரின் தென்பகுதியில் பெரியகுளத்தை அடுத்து அமைந்துள்ளது உக்கடம். பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டிற்கும் செல்வோர் பேருந்து ஏறும் இடமாகவும், மீன் அங்காடியாகவும், கோட்டைமேடு, கரும்புக்கடை, புல்லுக்காடு முதலிய குடியிருப்புகளுக்கு வாயிலாகவும் ஊரார் அதனை அறிவர். நாளிதழ்களில் மட்டும் அப்பெயரைப் படித்தவர்கள் 1997, 1998 ஆகிய ஆண்டுகளின் நிகழ்ச்சிகளைக் கொண்டே அதனை அறிவர். அவ்வாண்டுகளின் அரசியலை ஆராய இக்கட்டுரை எழுந்ததன்று. அந்நிகழ்ச்சிகள் மக்கள் உள்ளத்தில் விட்டுச் சென்ற வடு எத்தகையது, அதனை ஆற்றும் பணி பெரிய மருத்துவமனையிலன்றி வீட்டிற்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்க வேண்டுவது ஏன் என்பதை மட்டுமே இது விளக்க முற்படுகின்றது.

1997 நவம்பர் 29ஆம் நாள் உக்கடத்தில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் குத்திக் கொல்லப்பட்டார். அதனைத் தொடர்ந்து மூண்ட கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் உயிரிழந்தனர், கடைகள் எரிந்தன. காயம்பட்டோர் கொண்டு செல்லப்பட்ட அரசு மருத்துவமனை வளாகத்திலேயே தாக்குதல் நிகழ்ந்தது. மூன்று திங்கள் நிறைவதற்குள், 1998 பிப்ரவரி 14ஆம் நாள், நகரின் பல இடங்களில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்தன. 58 பேர் மாண்டனர். இருநூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். குண்டு வெடித்த இடங்களுள் அதே அரசு மருத்துவமனையும் ஒன்று.

இக்கடைசிச் செய்தியில் சற்றே நின்று நோக்க வேண்டியுள்ளது. நோய் தீர்க்கும் இடம் என்று மக்கள் நம்பிச் செல்லும் வளாகம், மூன்று மாத இடைவெளிக்குள் இருமுறை அச்சத்தின் களமாயிற்று. முதன்முறை ஒரு சாராருக்கு, மறுமுறை அனைவருக்கும். கணவனைக் கலவரத்தில் இழந்தவளும், மகனைக் குண்டுவெடிப்பில் இழந்தவளும், தத்தம் துயரைச் சொல்லி மருந்து பெற வேண்டுமாயின் செல்ல வேண்டிய இடம் அதுவே என்றிருந்தது. திருச்சி சாலையில் அம்மருத்துவமனை தொலைவில் இல்லை; எனினும் அதன் வாயிலைக் கண்டதும் கால் பின்வாங்கும் ஒருவருக்கு அது எட்டாத தொலைவே ஆகும். அங்குப் பணியாற்றும் மருத்துவர் எவ்வளவு திறமுடையவராயினும் இதில் பயனில்லை. ‘மனநலப் பிரிவு அங்கே உள்ளதே, வருவோர் வரட்டுமே’ என்னும் வாதம் இவ்விடத்தில் வலுவிழக்கின்றது.

வடு என்பது யாது?

உயிருக்கு இறுதி வந்துவிட்டது என்று தோன்றச் செய்யும் நிகழ்ச்சியை நேரே கண்டவர், அல்லது அதில் சிக்கி மீண்டவர், பின்னாளில் அடையும் மனக்கேட்டினை ‘மனவடு’ எனலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்தில் எழுதிய நூலுக்கு ‘மனவடு’ என்றே பெயரிட்டார். மேல்நாட்டு மருத்துவத்தில் இக்கேடு நோய்ப்பட்டியலில் தனி இடம் பெற்றது 1980ஆம் ஆண்டில்தான். வியட்நாம் போரிலிருந்து மீண்ட அமெரிக்க வீரர்களின் நிலையே அதற்குப் பெரிதும் காரணமாயிற்று.

இதன் குறிகள் மூவகைப்படும். நடந்தது மீண்டும் கண்முன் நடப்பதுபோல் தோன்றுதலும் கொடுங்கனவும் ஒருவகை. அதனை நினைவூட்டும் தெருவையும் ஓசையையும் ஆளையும் தவிர்த்தல் மற்றொரு வகை. எப்பொழுதும் விழிப்பாய், சிறு ஓசைக்கும் திடுக்கிட்டு, உறக்கமின்றி, எளிதில் சினந்து வாழ்தல் மூன்றாவது. இவை ஒரு மாதத்திற்கு மேலும் நீடித்து அன்றாட வாழ்வைக் குலைக்குமாயின், மருத்துவ உதவி தேவை எனக் கொள்வர். பெரும்பாலோர் உற்றார் துணையுடன் தாமே தேறிவிடுவர் என்பதையும் இங்குக் கூறல் வேண்டும். துயருற்ற அனைவரையும் நோயாளியாக்குதல் அறிவுடைமை ஆகாது. எனினும் போரும் வன்முறையும் கண்ட நிலப்பகுதிகளில் ஐவருள் ஒருவருக்கு ஏதேனும் ஒரு மனநலக் குறை இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீடு கூறுகின்றது. அந்த ஐந்தில் ஒருவர் எங்கே செல்வார் என்பதே நம் வினா.

அவர் ‘எனக்கு மனவடு உள்ளது’ என்று சொல்லிக்கொண்டு வரமாட்டார். ‘நெஞ்சு படபடன்னு அடிக்குதுங்க’, ‘மேலெல்லாம் வலிக்குதுங்க’, ‘தலை கிறுகிறுங்குது’, ‘பசியே இல்லீங்க’ என்றுதான் வருவார். இதில் பொய்யில்லை. அச்சம் தோன்றியதும் அட்ரினலின் முதலிய சுரப்புகள் இரத்தத்திற் கலந்து இதயத்தை விரைவுபடுத்தித் தசைகளை முறுக்குகின்றன. குடலின் இயக்கத்தைத் தளர்த்துகின்றன. ஓடவும் போராடவும் உடல் செய்துகொள்ளும் ஆயத்தம் அது. ஆபத்து நீங்கிய பின்னும் அவ்வாயத்தம் நீங்காதிருப்பதே வலியாகவும் படபடப்பாகவும் வெளிப்படுகின்றது.

தமிழ் பயில்வோர்க்கு இது புதுமையன்று. உள்ளத்து உணர்வு உடலில் தோன்றுவதையே தொல்காப்பியர் ‘மெய்ப்பாடு’ என்றார். எட்டு மெய்ப்பாடுகளுள் அழுகையும் அச்சமும் இடம்பெறுகின்றன. அழுகை பிறத்தற்கு அவர் காட்டும் காரணங்கள் நான்கு. பிறரால் இகழப்படுதல், இழத்தல், முன்னிருந்த நிலையினின்று தாழ்தல், வறுமை என அவற்றைச் சுருங்கக் கூறலாம். வீட்டுத்தலைவனை இழந்து, கடையும் எரிந்து, நிவாரண வரிசையில் நின்று, ‘எந்தத் தெரு?’ என்று ஐயத்துடன் வினவப்பட்ட ஒரு குடும்பத்திற்கு இந்நான்கும் ஒரே வாரத்தில் நேர்ந்தன. ஆகவே மருந்து மட்டும் கொடுத்து இதனைத் தீர்க்க இயலாது என்பதும் இதனாலேயே விளங்கும்.

முன்னோடி முயற்சிகள்

1978ஆம் ஆண்டு அல்மா-அட்டா நகரில் கூடிய உலக மாநாடு, மக்கள் வாழும் இடத்திற்கு அருகில், அவர்தம் ஆற்றலுக்கு உட்பட்ட செலவில், அவர்தம் பங்கேற்புடன் அமையும் ஆரம்ப சுகாதாரப் பணியே அனைவர்க்கும் நலம் தரும் வழி என்று அறிவித்தது. இந்திய அரசு 1982ஆம் ஆண்டில் தேசிய மனநலத் திட்டத்தை வகுத்தபோது, மனநலப் பணியைப் பொதுமருத்துவத்தோடு இணைத்தல் என்னும் கொள்கையை ஏற்றது. அதன் வழியே 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் சில மாவட்டங்களில் மட்டும் தொடங்கியது. தமிழகத்தில் முதற்கண் தேர்ந்துகொள்ளப்பெற்றது திருச்சிராப்பள்ளி மாவட்டம். கோவை எரிந்த நாளில் கோவைக்கு அத்திட்டம் வந்திருக்கவில்லை.

எனினும் வழி தெரியாத காலம் அன்று அது. 1984 டிசம்பரில் போபால் நகரில் நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்ட பின்னர், உயிர் பிழைத்தோரின் மனத்துயரைக் கவனிக்கப் போதிய மனநல மருத்துவர் இல்லை. அப்பொழுது பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தைச் சார்ந்த ஆர். சீனிவாச மூர்த்தி, மோகன் ஐசக் ஆகியோர் மாற்றுவழி ஒன்றை மேற்கொண்டனர். நச்சுவாயுவினால் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலும் உற்றோரை நாள்தோறும் பார்த்துவந்த பொது மருத்துவர்களுக்கே மனநலப் பயிற்சி அளித்தனர். அவர்களுக்கெனக் கையேடும் எழுதினர். நோயாளி ஏற்கனவே எவரிடம் வருகின்றாரோ அவரையே ஆயத்தம் செய்தல் என்பது அதன் அடிப்படை.

யாழ்ப்பாணத்தில் நிலைமை இன்னும் கடியது. போர் நடந்துகொண்டிருக்கையிலேயே உளமருத்துவர்கள் ஆசிரியர்க்கும் சுகாதாரப் பணியாளர்க்கும் தமிழிலேயே பயிற்சி அளித்தனர். தமிழில் அமைந்தது என்பதை யான் அழுத்திக் கூற விரும்புகின்றேன். துயரைக் கேட்கும் பணியாளர் தாம் கற்ற ஆங்கிலச் சொல்லை மனத்தில் மொழிபெயர்த்துக்கொண்டு நின்றால், எதிரே இருப்பவர் பேச்சை நிறுத்திவிடுவார். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நாகப்பட்டினம் கரையைத் தாக்கியபோதும், உள்ளூர்த் தொண்டர்களைப் பயிற்றுவித்து வீடுதோறும் அனுப்பும் முறையே கையாளப்பட்டது.

சுகாதார நிலையத்தில் செய்யக்கூடியவை

மருத்துவரும் செவிலியரும் செய்ய வேண்டுவன பெரியன அல்ல. மீண்டும் மீண்டும் வலி என்று வருபவரிடம், உடலைச் சோதித்த பின், ‘தூக்கம் எப்படி இருக்குதுங்க? எப்போதிருந்து இப்படி? அதற்கு முன்னால் வீட்டில் ஏதாவது நடந்ததா?’ என்று வினவுதல் முதற்படி. அவர் சொல்லத் தொடங்கினால் இடைமறியாது கேட்டல் அடுத்தது. சொல்ல விரும்பாதவரை வற்புறுத்தலாகாது. நடந்ததை உடனே முழுவதும் சொல்ல வைத்தால் பாரம் குறையும் என்று ஒரு காலத்தில் எண்ணினர். அதனால் நன்மையில்லை என்று பின்னர்த் தெளிந்து, உலகச் சுகாதார நிறுவனமும் அம்முறையைக் கைவிடுமாறு கூறியுள்ளது. இச்செய்தி நம் தொண்டர்கள் பலர்க்கு வியப்பளிக்கக்கூடும்.

உறக்க மாத்திரை பற்றியும் எச்சரிக்கை தேவை. உறக்கமில்லை என்றதும் டயசிபம், அல்பிரசோலம் போன்றவற்றை எழுதிக்கொடுத்தல் எளிது, நோயாளியும் மகிழ்வார். ஆனால் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய முதல் மாதத்தில் அவற்றைத் தவிர்க்குமாறு 2013ஆம் ஆண்டின் உலகச் சுகாதார நிறுவன வழிகாட்டுதல் கூறுகின்றது. ஒரு துயரைத் தீர்க்கப் புகுந்து ஒரு பழக்கத்தை விலைக்கு வாங்கிய குடும்பங்கள் உண்டு. நீண்ட மனச்சோர்வுக்கு வேறு மருந்துகள் உள்ளன. அவற்றை மருத்துவர் கண்காணிப்பில் நெடுநாள் உட்கொள்ளுதல் வேண்டும். சாகவேண்டும் என்று பேசுவோர், உணவை மறுப்போர், இல்லாத குரல் கேட்பதாகக் கூறுவோர் ஆகியோரை மட்டும் காலந்தாழ்த்தாது மனநல மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். அவ்வாறு அனுப்பும்போதும், அஞ்சுபவருடன் ஒருவர் துணைசெல்ல ஏற்பாடு செய்வது சீட்டு எழுதுவதைவிட முதன்மையானது.

குழந்தைகள் சொல்லால் சொல்லமாட்டார்கள். விட்டுப்போன படுக்கை நனைத்தல் மீண்டும் வருதல், தாயின் சேலையை விடாதிருத்தல், ஒரே ‘சுடுகிற’ விளையாட்டைத் திரும்பத் திரும்ப ஆடுதல் ஆகியவற்றைத் தடியால் திருத்த முற்படும் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் இதனை எடுத்துரைத்தல் செவிலியரின் கடமை.

உள்ளூர் வழக்கங்களை அறிந்த பணியாளரே பயன் தருவார் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. கணவனை இழந்த முஸ்லிம் பெண் நான்கு மாதம் பத்து நாள் ‘இத்தா’ இருப்பாள். மருத்துவத் தேவைக்காக வெளியே செல்லத் தடையில்லை எனினும், வழக்கத்தில் அவளும் தயங்குவாள். வீட்டாரும் அனுப்பத் தயங்குவர். மனம் மிகவும் நைந்திருக்கும் நாட்களும் அவையே. அப்பெண் புறநோயாளிகள் வரிசைக்கு வரவில்லை என்று பதிவேட்டை மூடிவிட்டால், அவளை எவரும் காணப்போவதில்லை. சுகாதாரச் செவிலியர் அவள் வீட்டுப் படியேறினால்தான் உண்டு. அதுபோலவே, நோன்பு மாதத்தில் மாத்திரையை நிறுத்திவிடுவோர் பலர். நோன்பு துறந்த பின்னோ சஹர் நேரத்திலோ உட்கொள்ளும்படி நேரத்தை மாற்ற இயலுமா என்று மருத்துவர் முன்னரே எண்ணிச் சொல்லிவிட்டால் அது நேராது.

‘பயந்த கோளாறு’ என்று பள்ளிவாசலுக்குச் சென்று ஓதிப் பார்ப்பதும், கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டுவதும் கொங்குநாட்டில் இரு சமயத்தார்க்கும் பொதுவான வழக்கம். அதனை எள்ளி நகையாடும் மருத்துவர் நோயாளியை இழப்பார். ஓதிக் கொடுப்பவரே, ‘இதையும் குடி, டாக்டரையும் பார்’ என்று சொல்லுமாறு அவரை நண்பராக்கிக்கொள்வதே நடைமுறைக்கு உகந்தது.

இன்றைய நிலை

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், ஆரம்ப சுகாதார நிலை உட்பட எல்லா நிலைகளிலும் மனநலப் பணியை இணைக்க வேண்டும் என்று அரசைப் பணிக்கின்றது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பணியாளர் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீடுகளுக்கே வருகின்றனர். 2022 அக்டோபர் 10ஆம் நாள் முதல் 14416 என்னும் எண்ணில் ‘டெலி மானஸ்’ சேவை கட்டணமின்றி இயங்கிவருகின்றது, தமிழிலும் பேசலாம்.

அவ்வக்டோபரிலேயே, 23ஆம் நாள், தீபாவளிக்கு முந்தைய விடியற்காலையில், கோட்டை ஈசுவரன் கோயில் அருகே கார் ஒன்று வெடித்து அதிலிருந்தவர் மாண்டார். அன்று பகல் முழுவதும் உக்கடத்தில் கதவுகள் அடைத்திருந்ததற்கு, அன்றைய நிகழ்ச்சி மட்டும் காரணமன்று. இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு முந்தைய பிப்ரவரியும் காரணம்.

எங்கள் இல்லத்தில் ஒரு வழக்கமுண்டு. பிப்ரவரி பிறந்ததும் தாயார் அரிசியும் பருப்பும் பால்மாவும் வழக்கத்தைவிட இருமடங்கு வாங்கி வைப்பார். ஊரடங்கு நாட்களில் வீட்டில் குழந்தைக்குப் பாலில்லாமற் போனது ஒருமுறை. ஏனென்று கேட்டால், ‘இருக்கட்டும்ப்பா’ என்பதற்கு மேல் சொல்லமாட்டார். சென்ற ஆண்டு இரத்த அழுத்தம் பார்க்க வந்த பெண், எண்ணைக் குறித்துக்கொண்டபின், ‘நைட்டெல்லாம் தூங்குறீங்களாம்மா?’ என்று போகிறபோக்கில் கேட்டார். தாயார் அவரை உட்காரச் சொன்னார். அடுத்த வீட்டுக்குப் போக அப்பெண்ணுக்கு அரைமணி நேரத்திற்கு மேலாயிற்று.