ஈயம் எடுத்த பிறகு மிஞ்சிய கறுப்பு மணல்

மாணவர்களே, கியா பார்மிலிருந்து ஈப்போவுக்கு இறங்கும் சாலை உங்களுக்குப் பழக்கமானதுதான். கம்போங் ராஜாவைத் தாண்டிய பிறகு சிம்பாங் பூலாய் வரை வளைந்து வளைந்து இறங்கும். அடுத்த முறை போகும்போது கைப்பேசியைச் சற்று நேரம் மூடி வைத்துவிட்டுச் சன்னலுக்கு வெளியே பாருங்கள். மேலே பல இடங்களில் கிரானைட் பாறை தெரியும். கீழே இறங்கியதும் சுண்ணாம்புக் குன்றுகள் வரும். அதன் பிறகு கிந்தா பள்ளத்தாக்கு முழுவதும் ஆங்காங்கே பச்சை நிறத்தில் குளங்கள். அவை இயற்கையாக உண்டானவை அல்ல. ஈயம் தோண்டிய பள்ளங்களில் நீர் நிறைந்து உண்டானவை. உங்கள் தாத்தா பாட்டியைக் கேட்டால் ‘ஈயக்குட்டை’ என்று சொல்வார்கள்.

இங்கே ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘ஈயம்’ என்றால் காரீயம். நம் நாட்டில் நாம் ஈயம் என்று சொல்வது வெள்ளீயத்தை. தனிம அட்டவணையில் இரண்டும் ஒரே நெடுவரிசையில்தான் இருக்கின்றன. ஆனால் வெள்ளீயத்தின் அணு எண் 50, காரீயத்தின் அணு எண் 82. இந்தக் கட்டுரையில் ஈயம் என்று வரும் இடமெல்லாம் வெள்ளீயமே.

மேலே பார்த்த கிரானைட்டுக்கும் கீழே இருக்கும் குட்டைகளுக்கும் தொடர்பு உண்டு. ஏறக்குறைய 20 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்கடியில் உருகிய பாறைக்குழம்பு மெல்லக் குளிர்ந்து நம் தித்திவங்சா மலைத்தொடரின் கிரானைட் ஆனது. குளிரும்போது பெரும்பாலான தனிமங்கள் படிகங்களில் இடம்பிடித்துக்கொண்டன. ஈயம் போன்ற சில தனிமங்களுக்கு அங்கே எளிதில் இடம் கிடைக்கவில்லை. அவை கடைசியில் மிஞ்சிய சூடான திரவத்தில் சேர்ந்து, பாறை வெடிப்புகளில் படிந்தன. பிறகு கோடிக்கணக்கான ஆண்டுகள் மழையும் வெயிலும் பாறையைச் சிதைத்தன. மணல் ஆற்றோடு கீழே வந்தது. இலேசான துகள்கள் தொலைவுக்குப் போய்விட, கனமானவை பள்ளத்தாக்கிலேயே தங்கிவிட்டன. அடியில் இருந்த சுண்ணாம்புப் பாறை மேடும் பள்ளமுமாக அரிக்கப்பட்டிருந்ததால், கனமான துகள்களைப் பிடித்து வைக்க அதுவே நல்ல பாத்திரமாக அமைந்தது.

பாட்டி முறத்தில் அரிசி புடைப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? உமி முன்னால் பறக்கும், அரிசி முறத்திலேயே தங்கும். ஈயம் அலசுவதும் ஏறக்குறைய அதே கணக்குதான். காற்றுக்குப் பதில் தண்ணீர், அவ்வளவே. சாதாரண மணலின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.65 கிராம். ஈயத்தாதுவான காசிட்டரைட்டின் அடர்த்தி ஏறக்குறைய 7 கிராம். பெண்கள் ‘டூலாங்’ என்னும் மரத்தட்டில் மணலையும் நீரையும் சுழற்றியபோதும், ‘பாலோங்’ என்னும் நீண்ட மரச்சரிவில் சேற்று நீரைப் பாய்ச்சியபோதும், பெரிய ஈயக்கப்பல்கள் குட்டையில் மிதந்தபடி அடிமண்ணை அள்ளியபோதும் பயன்பட்டது இந்த அடர்த்தி வேறுபாடுதான்.

இந்த முறைக்கு ஒரு குறை உண்டு. தண்ணீருக்கு எது கனமானது என்றுதான் தெரியும், எது ஈயம் என்று தெரியாது. ஆகவே ஈயத்தாதுவோடு மற்ற கனமான துகள்களும் அடியில் தங்கின. ஈயத்தைப் பிரித்து எடுத்த பிறகு மிஞ்சிய இந்தக் கறுப்பும் பழுப்புமான மணலுக்கு ‘அமாங்’ என்று பெயர். நீண்ட காலம் அது வெறும் கழிவு. மலைபோலக் குவித்து வைத்தார்கள்.

அந்தக் குவியலில் என்ன இருந்தது? இல்மனைட் இருந்தது, அதிலிருந்து டைட்டானியம் கிடைக்கும். சிர்கான் இருந்தது, பீங்கான் தொழிலுக்கு அது வேண்டும். அளவில் குறைவாக மோனசைட், செனோடைம் என்று இரண்டு கனிமங்களும் இருந்தன. இந்த இரண்டில்தான் அருமண் தனிமங்கள் உள்ளன. பள்ளியில் மலாய்மொழியில் ‘நாடிர் பூமி’ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மொத்தம் 17 தனிமங்கள். பெயரில் ‘அரிய’ என்று இருந்தாலும் பூமியில் இவை அவ்வளவு அரியவை அல்ல. எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறிக் கிடப்பதால், ஒரே இடத்தில் போதுமான அளவில் கிடைப்பதுதான் அரிது.

நான்கு கனிமங்களையும் எப்படிப் பிரிப்பது? அடர்த்தி இங்கே உதவாது, நான்கும் ஏறக்குறைய 4.5 முதல் 5 கிராம் வரை. எனவே காந்தமும் மின்சாரமும் களத்தில் இறங்கின. இல்மனைட்டைக் காந்தம் நன்றாக இழுக்கும். செனோடைமையும் மோனசைட்டையும் இழுக்க வலிமையான காந்தம் வேண்டும். அதிலும் செனோடைம் கொஞ்சம் முன்னதாக வந்துவிடும். சிர்கானைக் காந்தம் கண்டுகொள்வதே இல்லை. மின்சாரத்தில் வேறு வகைப் பிரிவினை. உயர் மின்னழுத்தம் உள்ள இடத்தில் சுழலும் உருளைமீது உலர்ந்த மணலைக் கொட்டினால், மின்கடத்தும் துகள்கள் உருளையை விட்டு எகிறி விழும். கடத்தாதவை உருளையோடு ஒட்டிக்கொண்டே சுற்றும். மீந்த ஈயத்தாதுவும் இல்மனைட்டும் எகிறும், மோனசைட்டும் சிர்கானும் ஒட்டும். பள்ளியில் நாம் இரும்புத்தூளையும் கந்தகத்தையும் காந்தத்தால் பிரிக்கும் சோதனையின் அண்ணன் என்று இதைச் சொல்லலாம்.

கழிவிலிருந்து உலோகம் தேடும் வேலை இன்று உலகெங்கும் நடக்கிறது. மின்சாரக் காரின் மோட்டாரிலும், காற்றாலையிலும், உங்கள் காதொலிப்பானிலும் உள்ள சிறிய வலிமையான காந்தத்துக்கு நியோடிமியம் தேவை. இத்தகைய தனிமங்களைச் சுத்திகரிப்பதில் சீனாவின் கையே ஓங்கியிருப்பதால், மற்ற நாடுகள் மாற்றுவழி தேடுகின்றன. அவர்கள் பார்வை நிலக்கரிக் கழிவின் பக்கமும் திரும்பியிருக்கிறது. நிலக்கரியை எரித்தால் கரிமம் போய்விடும், அதிலிருந்த தாதுக்கள் சாம்பலில் செறிந்து நிற்கும். ஒரு டன் சாம்பலில் சராசரியாகச் சில நூறு கிராம் அருமண் இருக்கும். நம் பேராக்கின் மஞ்சோங் மின்நிலையமும் நிலக்கரியில்தான் ஓடுகிறது. அங்கேயும் சாம்பல் உண்டு. சிக்கல் என்னவென்றால், உலையின் வெப்பத்தில் உருகிக் கண்ணாடியான சாம்பல் துகளுக்குள் அந்தத் தனிமங்கள் சிறைப்பட்டுக் கிடக்கின்றன. அவற்றை வெளியே எடுக்க அமிலமும் ஆற்றலும் நிறையச் செலவாகும்.

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறு வழியில் போனார்கள். கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்கங்களில் பைரைட் என்ற இரும்புக் கந்தகத் தாது இருக்கும். காற்றும் நீரும் பட்டால் அது கந்தக அமிலத்தை உண்டாக்கும். அந்த அமிலநீர் பாறையில் உள்ள அருமண்ணைத் தானே கரைத்துக்கொண்டு ஆரஞ்சு நிறத்தில் ஓடைகளில் வந்து கலந்து மீன்களைக் கொல்கிறது. எப்படியும் சுண்ணாம்பு சேர்த்து அந்த நீரைச் சுத்தம் செய்தாக வேண்டும். அப்போது அடியில் படியும் சேற்றிலிருந்து அருமண்ணை எடுக்கிறார்கள். ஓடையும் தெளிகிறது, உலோகமும் கிடைக்கிறது. இதைப் படித்தபோது எனக்கு ஒரு பொறாமைகூட வந்தது. ஏனென்றால் நம் நாட்டில் இதே எண்ணம் வேறு விதமாக முடிந்தது.

ஈப்போவுக்கு அருகில் லஹாட் பக்கத்தில் புக்கிட் மேரா என்ற ஊர் இருக்கிறது. ஏறக்குறைய பத்தாயிரம் பேர் வாழ்ந்த புதுக்கிராமம். 1979இல் பதிவான ‘ஏஷியன் ரேர் எர்த்’ என்ற நிறுவனம் 1982இல் அங்கே ஆலையை இயக்கத் தொடங்கியது. ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கல் அதன் பெரிய பங்குதாரர்களில் ஒன்று. மூலப்பொருள் நம் அமாங்கிலிருந்து வந்த மோனசைட். அப்போதைய வண்ணத் தொலைக்காட்சிகளின் சிவப்பு நிறத்துக்கு இட்ரியம் என்ற அருமண் தேவைப்பட்ட காலம் அது. கழிவாகக் கிடந்த மணல் ஏற்றுமதிப் பொருளானது. கேட்பதற்கு நல்ல செய்திதான்.

ஆனால் மோனசைட்டுக்குள் தோரியமும் இருக்கிறது, நூறில் ஐந்து ஆறு பங்கு. அருமண் அயனிகளும் தோரிய அயனியும் ஏறக்குறைய ஒரே பருமன் கொண்டவை. படிகம் வளரும்போது ஒன்றின் இருக்கையில் மற்றொன்று எளிதாக உட்கார்ந்துகொள்ளும். அதனால் மோனசைட்டை உடைத்து அருமண்ணை எடுக்கும் ஒவ்வொரு முறையும் தோரியம் தனியாக வெளியே வந்தே தீரும். குவியலில் பரவிக் கிடந்த கதிரியக்கப் பொருள், இப்போது ஒரே இடத்தில் செறிந்து பீப்பாயில் நிற்கிறது.

படிவம் 3இல் அரை ஆயுள் படித்திருப்பீர்கள். தோரியம் 232இன் அரை ஆயுள் ஏறக்குறைய 1,400 கோடி ஆண்டுகள். அரை ஆயுள் இவ்வளவு நீளம் என்றால் அது மிக மெதுவாகச் சிதைகிறது, ஆகவே கதிர்வீச்சும் குறைவுதானே என்று கெட்டிக்கார மாணவர் ஒருவர் கேட்கலாம். கேள்வி சரி. ஆனால் தோரியம் தனியாக இருப்பதில்லை. அது சிதைந்து ரேடியம் 228 வரும், அதன் வழியாக ரேடான் 220 என்ற வாயு வரும், கடைசியில்தான் நிலையான காரீயம் 208. நடுவில் வரும் இந்தப் பிள்ளைகள் வேகமாகச் சிதைபவை. தூசியாகவோ வாயுவாகவோ நுரையீரலுக்குள் போய்விட்டால், தோலைத் தாண்ட முடியாத ஆல்ஃபா துகள்கூட உள்ளிருந்தே திசுக்களைத் தாக்கும்.

இந்தக் கழிவை எங்கே வைப்பது என்று முன்பே முடிவு செய்யாமல் ஆலை ஓடத் தொடங்கியதுதான் கோளாறின் வேர் என்பது என் கருத்து. அணுசக்தி உரிமச் சட்டமே 1984இல்தான் வந்தது. அதே ஆண்டில் பாப்பான் ஊருக்கு அருகில் கழிவைப் புதைக்கக் குழி வெட்டியபோது மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். 1985இல் புக்கிட் மேரா மக்கள் எட்டுப் பேர் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். ஊரில் பிறவிக் குறைபாடுகளும் குழந்தைகளுக்கு இரத்தப் புற்றுநோயும் அதிகரித்ததாக மக்கள் சொன்னார்கள். காரணம் ஆலைதானா என்பதில் இரு தரப்பு நிபுணர்களும் நீதிமன்றத்தில் மோதிக்கொண்டார்கள். 1992இல் உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. சட்டப்படி வென்ற பிறகும், 1994இல் நிறுவனம் ஆலையை மூடுவதாக அறிவித்தது.

மூடியதோடு வேலை முடியவில்லை. ஆலைக் கட்டடம், அடிமண், 80,000க்கும் மேற்பட்ட பீப்பாய்கள் ஆகியவற்றை அப்புறப்படுத்தி, கிளேடாங் மலைப்பகுதியில் பாதுகாப்பாக அடைக்கும் பணி பல ஆண்டுகள் நீண்டது. அதற்கு ஏறக்குறைய 10 கோடி அமெரிக்க டாலர் செலவு என்று 2011இல் செய்திகள் வெளிவந்தன. ஆலை ஓடிய ஆண்டுகளைவிட அதைச் சுத்தம் செய்யும் காலமே நீளம்.

நம் பகாங் மாநிலத்திலேயே, குவாந்தானுக்கு அருகிலுள்ள கெபேங்கில், 2012 முதல் லைனாஸ் ஆலை ஆஸ்திரேலியாவின் மவுண்ட் வெல்ட் தாதுவிலிருந்து அருமண் பிரிக்கிறது. அந்தத் தாதுவில் தோரியம் அமாங் மோனசைட்டில் உள்ளதைவிடக் குறைவு. இருந்தாலும் இல்லாமல் இல்லை, ஆகவே கழிவை எங்கே வைப்பது என்ற அதே விவாதம் அங்கேயும் தொடர்ந்தது. இனி செய்தித்தாளில் ‘கழிவிலிருந்து அரிய உலோகம்’ என்று தலைப்பைப் பார்த்தால், எவ்வளவு உலோகம் கிடைக்கும் என்பதோடு நிறுத்தாமல், கூடவே என்ன வெளியே வரும், அது எங்கே போகும் என்ற பத்தியையும் தேடுங்கள். பல நேரங்களில் அந்தப் பத்தி இருக்காது.

பள்ளி விடுமுறையில் ஈப்போ பக்கம் போனால், பத்து காஜாவிலிருந்து தஞ்சோங் துவாலாங் போகும் சாலையில் 1938இல் கட்டப்பட்ட ஈயக்கப்பல் ஒன்றைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். 4,500 டன் எடை. மண்ணை அள்ளிய வாளிகள், அலசிய இயந்திரங்கள், மணலைப் பின்னால் கொட்டிய சரிவுகள் என எல்லாவற்றையும் பார்க்கலாம். வழிகாட்டி ஈயத்தைப் பற்றி நிறையச் சொல்வார். அவர் சொல்லி முடித்ததும், அமாங் எங்கே போனது என்று கேட்டுப் பாருங்கள்.