பேசாத விமானத்தைப் பிடிக்கும் மொட்டைமாடிகள்

பூந்தமல்லிக்கு மேலே தாழ்ந்து வரும் விமானம் எது, எங்கிருந்து வருகிறது என்று செல்பேசிச் செயலி உடனே சொல்லிவிடுகிறது. செயற்கைக்கோள் சொல்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் சொல்வது யாரோ ஒருவர் வீட்டு மொட்டைமாடி.

விமானம் தன் இருப்பிடத்தை ஜி.பி.எஸ். மூலம் அறிந்து, 1090 மெகாஹெர்ட்ஸில் நொடிக்கு இரண்டு முறை அறிவித்துக்கொண்டே பறக்கிறது. இதில் ரகசியக் குறியீடு எதுவும் கிடையாது. டிவி பார்ப்பதற்கென்று வந்த யு.எஸ்.பி. டாங்கிள், ஏழு சென்டிமீட்டர் கம்பி, ராஸ்பெரி பை என்ற சிறு கணினி இருந்தால் போதும். கட்டடம் மறைக்காவிட்டால் 35,000 அடி உயரத்தில் பறப்பது 350 கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்கும்.

மாடிகள் பிடிக்கும் தகவலை இணையத்தில் திரட்டும் தளங்கள் உண்டு. 2006-இல் சுவீடனில் இரண்டு ஆர்வலர்கள் பொழுதுபோக்காகத் தொடங்கிய ஃபிளைட்ரேடார்24 இன்று பெரிய வணிகம். மாடிக்காரருக்குக் கிடைப்பது இலவசச் சந்தா மட்டும். சுவிட்சர்லாந்தின் ஓப்பன்ஸ்கை, சேரும் தகவலை ஆராய்ச்சியாளர்களுக்குத் தருகிறது. என் ஓட்டு அதற்குத்தான்.

சில விமானங்கள் இருப்பிடத்தைச் சொல்வதில்லை. ரேடார் கேட்டால் அடையாள எண்ணையும் உயரத்தையும் மட்டும் சொல்லும். அங்கேதான் கூட்டு தேவைப்படுகிறது. கோயில் வேட்டுச் சத்தம் தெருவுக்குத் தெரு முன்பின்னாகக் கேட்பதுபோல, அந்தப் பதில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மாடிகளுக்கு வெவ்வேறு கணத்தில் வந்து சேரும். ரேடியோ அலை ஒரு மைக்ரோ நொடியில் 300 மீட்டர் போகும்; அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் வித்தியாசம் மிஞ்சினால் 20 மைக்ரோ நொடி. நான்கு மாடிகளின் நேர வித்தியாசம் கிடைத்தால் சர்வர் இடத்தைக் கணக்கிட்டுவிடும். உயரம் தெரிந்தால் மூன்றே போதும்.

மலிவான டாங்கிளின் கடிகாரத்தை எப்படி நம்புவது? நம்புவதே இல்லை. இருப்பிடத்தைச் சொல்லிக்கொண்டு போகும் இன்னொரு விமானத்தை இரண்டு மாடிகளும் கேட்கின்றன. மாடிகள் இருக்கும் இடமும் தெரியும், விமானம் இருக்கும் இடமும் தெரியும். ஆகவே செய்தி எந்த வித்தியாசத்தில் வந்திருக்க வேண்டும் என்பதும் தெரியும். அதிலிருந்து விலகும் அளவுதான் கடிகாரப் பிழை. விமானம் கடக்கக் கடக்க, இந்தத் திருத்தமும் நடந்துகொண்டே இருக்கும். மாடியின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் குத்துமதிப்பாகப் பதிந்துவைத்தால் கூட்டாளிகள் எல்லோருடைய கணக்கும் கெடும்.

அம்பத்தூரில் பத்தாவது ரிசீவர் வைப்பதால் பெரிய பயனில்லை. நெருங்கி நிற்கும் மாடிகள் தூரத்து விமானத்தை ஏறக்குறைய ஒரே கோணத்தில்தான் பார்க்கின்றன. சிறு நேரப் பிழையும் கிலோமீட்டர் கணக்கில் வீங்கிவிடும். ஊத்துக்கோட்டையிலோ திருத்தணியிலோ உறவினர் இருந்தால் டாங்கிளை அவர் வீட்டு மாடியில் வைக்கச் சொல்லுங்கள்.